காயாத இலை

டிராயிங் டீச்சரின் தங்கைக்கு இருபத்தெட்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இடது தோள்பட்டையில் இலை முளைத்தது. அன்று ஒன்று, வெள்ளிக்கிழமைக்குள் நான்கு. உள்ளங்கை அகலம், ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள், நடு நரம்பு மட்டும் இளஞ்சிவப்பு. தோல் மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது தோல் சம்பந்தப்பட்டது இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நாற்றுப் பண்ணைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த எந்தச் செடியும் இல்லை, ஆனால் பூச்சி விழாத நல்ல இலை என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். தங்கை வேலை பார்த்த ஜவுளிக்கடையில் ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு, வெள்ளைத் துணியில் பச்சைக் கறை பட்டால் யார் பதில் சொல்வது என்று முதலாளி கேட்டார். அன்றே வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

அக்காவும் தங்கையும் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். தங்கைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே பஸ் விபத்தில் போய்விட்டார்கள். அப்போது இருபத்திரண்டு வயதாக இருந்த அக்கா பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, வந்த வரன்களை வேண்டாம் என்று சொல்லி, தங்கையை வளர்த்தாள். உன்னால்தான் என் வாழ்க்கை இப்படி ஆனது என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே தங்கைக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து அக்கா எல்லோருக்கும் டீச்சர்தான். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு இலையைக் கொடுத்து, அதே இலையைப் பென்சில், மெழுகுக் கலர், கரி, மை, தண்ணீர் வண்ணம், எண்ணெய் வண்ணம் என்று ஆறு விதமாக வரையச் சொல்வார். பொருள் மாறினால் இலையும் மாறும் என்பது அவர் கரும்பலகையில் எழுதும் முதல் வரி. வருடாந்திர ஓவியக் கண்காட்சிக்குப் பதினெட்டு முறை படம் அனுப்பியிருந்தார். பதினெட்டு முறையும், வருத்தத்துடன் திருப்பி அனுப்புகிறோம் என்ற ஒரே அச்சடித்த கடிதத்தோடு படம் திரும்பி வந்திருந்தது.

தங்கைக்கு வேலை போன வாரச் சனிக்கிழமை, டீச்சர் அவளை சன்னல் ஓரமாக முக்காலியில் உட்கார வைத்து, தோளிலிருந்த இலையைப் பென்சிலில் வரைந்தார். வரையும்போது இலையின் காம்படியில் லேசாக அரிக்கிறது என்று தங்கை சொன்னாள். படம் முடிந்ததும் காகிதத்தில் இருந்த இலை சற்றே அசைந்தது. டீச்சர் எழுந்து சன்னலைச் சாத்தினார். அசைவது நின்றது. மறுபடி திறந்து பார்த்தார். அசைந்தது.

அடுத்த வாரம் மெழுகுக் கலர். தங்கைக்கு ஒன்றுமே தெரியவில்லை, சுகமாக இருந்தது என்றாள், முக்காலியிலேயே தூங்கிப்போனாள். ஆனால் படத்தில் இருந்தது ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்ட இலை. டீச்சர் அதைக் கசக்கிப் போட்டார். கரித்துண்டால் வரைந்தபோது, தோள் அடுப்புப் பக்கத்தில் இருப்பதுபோலக் காய்ந்து, இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. அந்தப் படத்தின் அருகே முகத்தைக் கொண்டுபோனால் மழைக்கு முந்தைய மண்வாசம் வந்தது. மைப் பேனா எடுத்தபோது ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஊசி இறங்கியது. முந்நூற்றுப் பன்னிரண்டு கோடு. துண்டை மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இலையின் நிழல் காகிதத்தின் மேல் காலையில் இடப்பக்கமும் மாலையில் வலப்பக்கமும் விழுந்தது. தண்ணீர் வண்ணத்தில் வரைந்த வாரம் அவளுக்கு மூன்று கிலோ எடை குறைந்து, எவ்வளவு குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. படத்தில் இருந்த இலை நுனியில் ஒரு துளி ஈரம் காயாமல் நின்றது. எறும்புகள் சுவரேறி வந்து அதைக் குடித்துவிட்டுப் போயின.

டீச்சர் மந்தமானவர் இல்லை. எந்த அளவு வலிக்கிறதோ அந்த அளவு இலைக்கு உயிர் வருகிறது என்பது ஒரே மாதத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. தங்கைக்கும் புரிந்தது.

“அக்கா, அந்த மெழுகுக் கலர்ல வரைஞ்சா வலிக்கவே இல்ல. அதுலயே வரையேன்.”

“வலிக்காதுதான். ஆனா இலை வராது.”

“வராட்டி என்ன?”

“நீ பேசாம உக்காரு. நிழல் நகருது.”

தங்கை பேசாமல் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று பின்னால் பலர் கேட்டிருக்கிறார்கள். சோறு போட்டு வளர்த்தவள் சொல்கிறாள் என்பது ஒன்று. இன்னொன்று, அவளை அவ்வளவு நேரம், அவ்வளவு கவனமாக, அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், தலைவாரி விட்டாள், சூடாகப் பால் ஆற்றிக் கொடுத்தாள். அப்பா அம்மா போன புதிதில் செய்ததைப்போல எல்லாம் செய்தாள். சனிக்கிழமை காலையில், மத்தியானம் என்ன சமையல் என்று கேட்கும் அதே குரலில், “இன்னிக்கு எதுல அக்கா?” என்று தங்கை கேட்பது வழக்கமாகிவிட்டது.

பத்தொன்பதாவது முறை அனுப்பிய நான்கு படங்களையும் கண்காட்சி எடுத்துக்கொண்டது. சுவரில் மாட்டிய படங்களிலிருந்து சருகு உதிர்வதாகக் காவலாளி புகார் எழுதினார். பத்திரிகைகள் எழுதின. ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் மூன்று மாடி மூச்சு வாங்க ஏறி வீட்டுக்கு வந்தார்கள். டீச்சர் உள்ளறைக் கதவைப் பாதி திறந்து, “என் தங்கச்சி, உடம்பு சரியில்ல” என்று காட்டுவார். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒரு பெண்மணி, ஞாபகத்துக்கு ஒரு இலை கிடைக்குமா என்று கேட்டார். டீச்சர் உள்ளே போய்ப் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பறித்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார்.

அந்த வருடம் கட்டிடத்தின் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றபோது உள்ளே இருந்தது தங்கைதான். லிஃப்ட் மெக்கானிக் வந்து திறக்க நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கைபிடித்து வெளியே ஏற்றிவிட்ட பிறகு தோளைப் பார்த்து, “இலையா? நான் துணியில பூ வேலைன்னு நினைச்சேன்” என்றார். தங்கை சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்ததாகத் தெரிவது அது ஒன்றுதான். அதன் பிறகு நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டுக்கு எண்ணெய் போடுவதற்காக அவர் வாரம் இரண்டு முறை வந்தார். இலைக்கு அடிக்க என்று, பனிபோலத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றை வாயடைப்பை மாற்றி அவரே சரிசெய்து கொண்டுவந்தார். மழை பெய்தால் நனையும், வெயில் அடித்தால் காயும், இதில் என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. ஒருநாள் டீச்சரிடமே நேராக, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிவரலாமா என்று கேட்டார்.

“தாராளமா கூட்டிட்டு வாங்க” என்றார் டீச்சர்.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து அச்செடுக்கும் முறை ஒன்று உண்டு. மெழுகு போன இடத்தை அமிலம் அரிக்கும், அரித்த இடத்தில் மை நிற்கும். தகடும் அமிலமும் வாங்கி இரண்டு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. தங்கையை நினைத்துத் தொடாமல் வைத்திருந்தார் டீச்சர். மெக்கானிக் கேட்டுவிட்டுப் போன அடுத்த சனிக்கிழமை, சாப்பிட்ட கையோடு அதை வெளியே எடுத்தார்.

“அக்கா, நாளைக்கு அவங்க வர்றாங்க. இன்னிக்கு வேண்டாமே. திங்கக்கிழமை வரைஞ்சுக்கோ.”

“தகட்டுக்கு மெழுகு போட்டாச்சு. ஒரு மணி நேரம்தான், உக்காரு.”

கோடு நன்றாக ஆழமாக விழ இருபது நிமிடம் போதும் என்று அமிலப் புட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தது. டீச்சர் நாற்பது நிமிடம் விட்டார். மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது, கையில் கடிகாரம் இருந்தது. தங்கையின் தோளில் தொடங்கி, கழுத்து வழியாக இடது கன்னம் வரை இலை இலையாகக் கொப்புளம் எழும்பியது. மறுநாள் பத்து மணிக்கு மெக்கானிக்கின் அம்மா ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து, உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

“என்னம்மா இது, பொண்ணுக்கு அம்மையா?”

“இல்லைங்க. இவளுக்கு அடிக்கடி இப்படி ஆகும்” என்றார் டீச்சர். அதில் பொய் ஏதும் இல்லை.

பழப்பை வாசலிலேயே இருந்தது. மெக்கானிக் அதன்பிறகு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் தங்கை தூங்குகிறாள் என்று சொல்லப்பட்டது. மறு வருடம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, போகப்போக மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அவரைப்பற்றிச் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை டீச்சர் காய்கறி சூப் வைத்து, வாயை முழுதாகத் திறக்க முடியாத தங்கைக்கு ஸ்பூனால் ஊட்டிவிட்டார். பாதிக் கிண்ணம் ஆனதும் தங்கை கேட்டாள்:

“கடிகாரத்தப் பாத்தியா அக்கா?”

“பாத்தேன்.”

தங்கை மிச்சத்தையும் குடித்தாள். டீச்சர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அழுதார். அந்த அழுகையும் பொய்யில்லை. அந்த அச்சில் எடுத்த படங்களைக் கையால் தடவினால் இலை நரம்பில் துடிப்பு தெரிந்தது. பெரிய ஆட்கள் மட்டும் வாங்கிப் போனார்கள்.

கொப்புளம் ஆறிய வாரத்தில் தங்கை துணி வெட்டும் கத்தரியை எடுத்து, கண்ணாடி முன் நின்று, ஒன்றுவிடாமல் எல்லா இலைகளையும் நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். டீச்சர் பள்ளியிலிருந்து வந்து குப்பைக்கூடையைப் பார்த்தார். வெட்டின செடி தழைக்கும் என்பது அவருக்குத் தெரியும். பத்தே நாளில் முழங்கை வரை நாற்பத்தொரு இலைகள் அடர்ந்து வந்தன. எண்ணெய் வண்ணத்தில் வரைய, ஆறடிக்கு நாலடி மரச்சட்டத்தில் ஒரு கித்தான் துணி அடித்துத் தரும்படி தச்சரிடம் சொல்லியனுப்பினார் டீச்சர்.

எண்ணெய் வண்ணத்தின் வலி வேறு மாதிரி. ஊசிபோல இல்லை, சொத்தைப் பல் வலிபோல ஆழத்தில் இருந்துகொண்டே இருக்கும். சின்ன அட்டையில் வெள்ளோட்டமாக ஒன்றை வரைந்து பார்த்ததில், வண்ணம் காய ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாவது நாள் வலி நின்றது. அதே நாள் அட்டையில் இருந்த இலையும் அசைவதை நிறுத்திவிட்டு வெறும் படமானது. டீச்சர் அந்த அட்டையை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு வண்ணக்கடைக்குப் போய், காய்வதைத் தள்ளிப்போட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் கிராம்பு எண்ணெயை எடுத்துவைத்து, “இதைக் கொஞ்சம் கலந்தா சீக்கிரம் காயாது டீச்சர். ஆற அமர வரையலாம்” என்றார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார். சொட்டுக் கணக்கில் கலக்க வேண்டியதை டீச்சர் புட்டிக் கணக்கில் கலந்தார்.

மூன்று மாதம் வரைந்தார். சத்தம் வெளியே கேட்கத்தான் செய்தது. கீழ்வீட்டில் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, கிராம்பு வாசனையில் தன் மனைவிக்குத் தலை வலிக்கிறது, சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். தங்கையின் மூச்சிலேயே அந்த வாசனை வர ஆரம்பித்தது. படம் முடிந்தது. நாற்பத்தொரு இலைகளும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அறைக்குள் வந்த ஒரு சிட்டுக்குருவி அதில் உட்காரப் போய், காலில் பச்சையை ஒட்டிக்கொண்டு பறந்தது. குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகக் கூடத்தில் மாட்ட, எப்போதும் ஈரமாக இருக்கும் படம் பொருத்தமாக இருக்கும் என்று வாரியத்தில் யாருக்கோ தோன்றி, படத்தை வாங்கிக்கொண்டார்கள்.

நான்கு ஆட்கள் படத்தைப் படிவழியே இறக்கியபோது தங்கை சமையலறையில் நின்றிருந்தாள். படம் ஒவ்வொரு மாடி இறங்க இறங்க வலி ஒவ்வொரு மடங்கு ஏறியது. லாரி தெருமுனை திரும்பியபோது அவளால் மூச்சு இழுக்க முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, வலி எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கமாக நடந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வாரிய அலுவலகக் கூடத்தை அடைந்தாள். படத்திலிருந்து பத்தடிக்குள் நின்றால் வலி பழைய பல் வலி அளவுக்கு இறங்கியது. பொதுமக்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று நாள் யாரும் என்னவென்று கேட்கவில்லை, அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருமே பல நாளாக உட்கார்ந்திருந்தவர்கள்தான். நான்காம் நாள் ஒரு அதிகாரி கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டு, இதற்கு விதியில் இடமில்லை, ஆனால் தடையும் இல்லை என்றார். புகார்ப் பிரிவு குமாஸ்தா நீண்ட விடுப்பில் இருந்ததால் அந்த நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னார்கள். படுக்க, படம் மாட்டிய சுவருக்குப் பின்பக்கம் இருந்த சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

முதல் வாரத்திலேயே டீச்சர் அவளுடைய துணிமணிகளை ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

“எங்கிட்ட சொல்லாம வந்துட்டே. வீட்டுக்கு வா.”

“படத்தத் தூக்கிட்டு வா, வர்றேன். இல்லேன்னா ஒரு துணிய எடுத்துத் துடைச்சு விடு. இப்பவே வர்றேன்.”

டீச்சர் தங்கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். படத்தையே அதிக நேரம் பார்த்தார். பெட்டியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பதின்மூன்று வருடம் ஓடியது. டீச்சர் தெருமரங்களின் இலைகளைக் கொண்டுவந்து ஆறு விதமாகவும் வரைந்து பார்த்தார். காகிதம் காகிதமாகவே இருந்தது. தன் கையில் ஊசி குத்திக்கொண்டு வரைந்தார், ஒருமுறை தன் முழங்கையில் அமிலத்தை ஊற்றிக்கொண்டு வரைந்தார். தழும்புதான் மிச்சம். கண்காட்சியிலிருந்து பழைய அச்சடித்த கடிதம் மறுபடி வர ஆரம்பித்தது. பள்ளியில் ஓய்வு கொடுத்தார்கள். தங்கையோ புகார்ப் பிரிவில் பெயர் எடுத்துவிட்டாள். ஊரில் அவளுக்கு இலையம்மா என்று பெயர். மனுக்களை ஒழுங்காகப் பார்ப்பாள், லஞ்சம் கிடையாது, இரக்கமும் கிடையாது. விடாத வலியோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவளிடம் போய், இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராலும் அழ முடியவில்லை. ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்தபோதுகூட, எழுப்பி உட்காரவைத்து, வரிசை எண் மாறாமல்தான் கூப்பிட்டாள்.

பதினான்காம் வருடம் கோடையில் டீச்சர் இருந்த கட்டிடத்தின் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. டீச்சர் கூடத்துக்கு வந்து, டோக்கன் எடுத்து, வரிசையில் நின்றார். அறுபத்தாறாவது ஆள்.

“என்ன புகார்?”

“நான்தாண்டி.”

“புகார் என்னன்னு சொல்லுங்க.”

பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அக்காவை நீ என்றுதான் சொல்லியிருக்கிறாள். டீச்சர் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் வராததைச் சொன்னார். தங்கை எழுதினாள்.

“வீட்ல எத்தனை பேர்?”

“ஒருத்தி.”

“ஒருத்திக்குத்தானே. கீழ போய்ப் பிடிச்சுக்கலாம். அவசரம் இல்லைன்னு போட்டுக்கறேன்.”

டீச்சர் நகர்ந்து படத்தின் முன்னால் போய் நின்றார். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. இலைகள் அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கண் சரியாகத் தெரியாததால் கயிற்றின் மேல் சாய்ந்து, “இன்னுமா காயல?” என்று கேட்டார்.

“நீங்கதானே கலந்தீங்க.”

அது உண்மைதானா என்று பார்க்க, டீச்சர் கடைசி இலையின் மேல் கட்டைவிரலை வைத்தார். விரல் நகம்வரை அமிழ்ந்தது. கவுண்டரில் தங்கையின் பேனா நின்றது. அவள் முழங்கைக்கு மேலே சதை குழிந்தது, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, விட்ட எழுத்திலிருந்து எழுதி முடித்து முத்திரை குத்தினாள். டீச்சர் விரலை எடுத்தார். பச்சையில் பதிந்த தன் ரேகையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். விளிம்பு நன்றாக விழுந்திருக்கிறது என்பதுதான் அவர் மனதில் முதலில் வந்தது. வேறெதுவும் வருவதற்கு முன்னால் அதுதான் வந்தது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். காவலாளி கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டிப்போனார்.

“அடுத்த டோக்கன்” என்றாள் தங்கை.

இரண்டு வருடம் கழித்து டீச்சர் இறந்துபோனார். மூன்றாவது மாடிக்கு அதற்குள் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. தகவல் சொல்ல வந்தவரிடம் தங்கை, படத்தை விட்டு அவ்வளவு தூரம் தன்னால் வர முடியாது என்றாள். அது உண்மை. வர விருப்பமா என்று அவர் கேட்கவில்லை. அதற்கும் மறு வருடம், வேலைநாளில், காலை பதினொன்றேகாலுக்குப் படம் காய்ந்தது. தங்கை ஒருவருக்கு மீட்டர் மாற்றும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். வார்த்தை பாதியில் நின்றது. ஒரு நிமிடம் இருங்கள் என்றாள். அந்த ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து விளக்கி முடித்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் அவள் தோளிலிருந்த இலைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. பெருக்குகிற அம்மா இரண்டு சாக்கில் அள்ளிப் போனார். படம் இப்போது பழுப்பேறி, மற்ற அலுவலகங்களில் மாட்டியிருக்கும் படங்களைப்போல இருக்கிறது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அதிகாரி சொன்னபோது, மனுக்கள் நிலுவையில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டாள். அடுத்த மழைக்கு இலைகள் மறுபடி துளிர்த்தன. வரைய ஆள் இல்லாததால் அவை பாட்டுக்கு வளர்ந்து, பழுத்து, விழுகின்றன. புகார்ப் பிரிவின் செலவில் அவளுக்கு நாளொன்றுக்கு ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இலை உதிரும் மாதத்தில் கூடத்தின் தரை வழுக்கும், பார்த்து நடக்கவும் என்று வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இதுவரை விழுந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் பலகையைப் படித்துக்கொண்டே வந்தவர்.